முப்பது எண்ணும் வரை

“…இருபத்தெட்டு, இருபத்தொம்போது, முப்பது.”

மண்பானைத் தண்ணீரிலிருந்து கைகளை வெளியே எடுக்கிறார் ஹபீப் முகம்மது. மணிக்கட்டு வரை நனைந்த கைகளை உதறுவதில்லை. வெள்ளை மல் துணியில் விரல் விரலாக ஒற்றி எடுக்கிறார். நக இடுக்கைக் கூட விடுவதில்லை. அதன் பிறகுதான் மேஜைமேல் இருக்கும் எஃகுத் தண்டை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்து அளவு பார்க்கிறார். நடுவில் யாராவது “பாய்!” என்று கூப்பிட்டுவிட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நான் ஒருமுறை அப்படிக் கூப்பிட்டுவிட்டு, என் அச்சகத்துக்குத் திரும்பும் வரை காது சுடச் சுட வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“ஒடம்பு சூட்டுல இரும்பு வளரும் சார். நீங்க புடிச்சா உங்க சூட்டுக்கு வளரும். நான் புடிச்சா என் சூட்டுக்கு வளரும். அப்பால எந்த அளவு நெசம்னு யார் கிட்ட போயி கேக்கறது?”

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்கு இந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. இரண்டு லேத்து, ஒரு துளை போடும் எந்திரம், ஒரு மண்பானை. குடிக்கிற பானை வேறு. இந்தப் பானை கைக்கு மட்டும். ஐம்பத்திரண்டு வயது, ஒட்டிய கன்னம், எண்ணெய் ஊறி ஊறிக் கறுத்துப்போன நான்கு முழ வேட்டி. மூக்குக்கண்ணாடியை மூக்கில் போட்டு நான் பார்த்ததில்லை. நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு, “இன்னும் கண்ணு இருக்குது சார், கண்ணாடிக்கு இன்னா அவசரம்” என்பார். யாரோடும் கை குலுக்க மாட்டார். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் நட்போடு கை நீட்டினால், தம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சிரிப்பார். அவர்கள் அதை ஏதோ ஆன்மிக ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டு குனிந்து வணங்கிவிட்டுப் போவார்கள்.

பங்களூர் பஸ் வரும் சத்தம் கேட்டால் வேலையை நிறுத்திவிடுவார். பஸ் தாண்டிப் போய், அளவு காட்டும் டயலின் முள் ஆட்டம் நின்ற பிறகுதான் மறுபடி கை வைப்பார். கார்த்திகை தீபத்துக்கு மூன்று நாள் நுணுக்க வேலை எதுவும் கிடையாது. “ஊருக்குள்ள லச்சம் பேரு நடக்கறாங்க. பூமி அதிருது. முள்ளு மட்டும் சும்மா இருக்குமா?” என்பார். அந்த மூன்று நாளும் கரும்பு ஆலை உருளைகளையும் பம்புசெட் தண்டுகளையும் பழுது பார்ப்பார். அவற்றைப் பொறுத்தவரை பூமி எவ்வளவு வேண்டுமானாலும் அதிரலாம்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் ‘தரமற்ற வேலை’ செய்தவர் என்று ஒரு காகிதம் சொல்கிறது. கையெழுத்தோடும் முத்திரையோடும் சொல்கிறது. மூன்று வருஷமாக எனக்கு அது வயிற்றெரிச்சல். அதை இங்கே கொட்டாமல் வேறு எங்கே கொட்டுவது?

கதை ஒரு காமிராவில் ஆரம்பிக்கிறது. ஆசிரமத்தில் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர் தம் காமிராவைக் கீழே போட்டுவிட்டார். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகு மரை நசுங்கிவிட்டது. பாய் பழைய மரையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வெட்டிக் கொடுத்தார். அந்தக் காமிரா எப்படியோ ஒரு பெண் என்ஜினீயர் கண்ணில் பட்டது. எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதம் அந்தப் பெண் பட்டறை வாசலில் வந்து நின்றார். அவரைச் சந்திரகலா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரை எழுதினால் அவர் வேலைக்கு ஆபத்து. அவர் வேலை பார்ப்பது ஒரு மலைமேல் இருக்கும் வானாராய்ச்சிக் கூடத்தில். எந்த மலை என்றும் கேட்காதீர்கள்.

அங்கே ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. தொலைநோக்கிக்குக் கண்ணாடி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் ஒரே கண்ணாடியாக வார்க்க முடியாது, வார்த்தாலும் தன் பாரத்திலேயே வளைந்துபோகும். அதனால் சின்னச் சின்ன அறுகோணக் கண்ணாடிகளைத் தேன்கூடு போல அடுக்கி, எல்லாம் சேர்ந்து ஒரே கண்ணாடி போல வேலை செய்யும்படி பண்ணிவிட்டால்? வெளிநாட்டில் முப்பத்தாறு கண்ணாடிகளை வைத்துப் பெரிதாகக் கட்டப்போகிறார்களாம். இங்கே முன்னோட்டமாக ஏழு. ஒவ்வொரு கண்ணாடிக்கும் முதுகில் மூன்று ஊன்றுகோல். அவற்றை நுணுக்கமாக ஏற்றி இறக்கினால்தான் ஏழும் ஒரே சீராக நிற்கும். அந்த ஊன்றுகோலுக்கு அவர்கள் காகிதத்தில் ஆக்சுவேட்டர் என்று பெயர். பாய்க்கு அது ஸ்குரு.

“எவ்ளோ நுணுக்கம் வேணும்மா?” என்று கேட்டாராம்.

“தலைமுடி கனத்துல அறுநூறுல ஒரு பங்கு, பாய்.”

“அதுக்கு எங்கிட்ட ஏன் வந்தீங்க?”

“எல்லாரும் முடியாதுன்னுட்டாங்க. நீங்களும் சொல்லிட்டா வெளிநாட்டுக்கு எழுதிடுவாங்க.”

பாய் அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை. மறுநாள் சம்மதம் சொல்லியனுப்பினார்.

அந்த ஸ்குருவின் சூட்சுமத்தை எனக்கு அவர் நடந்தே காட்டினார். பட்டறைக்குள் இருபது அடி முன்னால் வைத்தார். அப்படியே பத்தொன்பது அடி பின்னால் வந்தார். “இப்ப எத்தினி அடி தாண்டியிருக்கேன்? ஒண்ணே ஒண்ணு. அவ்ளோதான் விஷயம்.” ஒரே தண்டில் இரண்டு மரைகள். ஒரு சுற்றுக்கு ஒன்று ஒரு மில்லிமீட்டர் முன்னே தள்ளும். மற்றது அதில் இருபதில் பத்தொன்பது பங்கைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மிஞ்சுகிற அந்த ஒரு பங்கை மோட்டாரும் பற்சக்கரங்களும் இன்னும் ஐந்நூறாக நறுக்கும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் இரண்டு மரைகளில் எதிலாவது ஒரு தூசி அளவு பிசகினாலும் மிஞ்சுகிற அந்தக் கடுகளவு கணக்கு காணாமல் போய்விடும்.

இரண்டாவது மரையை வெட்டுவதற்குத் தொண்ணூற்றைந்து பல் உள்ள சக்கரம் வேண்டியிருந்தது. மெட்ராஸ் முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. முதலில் அந்தச் சக்கரத்தைத் தாமே வெட்டினார். பிறகு மரைகளை வெட்டினார். வெட்டிய மரையை அதன் வெண்கல நட்டோடு சேர்த்து, எண்ணெயும் மாவு போன்ற பொடியும் தடவி, நாள் கணக்கில் கையால் தேய்த்தார். இருபத்தொரு ஸ்குரு, சோதனைக்கென்று கூடுதலாக ஒன்று. பதினேழு மாதம். இரண்டாவது லேத்தில் வேலை செய்யும் பலராமன்தான் அந்த நாட்களில் பம்புசெட் வேலைகளைப் பார்த்துப் பட்டறையை ஓட்டினார். “மொதலாளி லேத்து கிட்ட போவாதீங்க, இப்ப அவரு நம்ம ஊர்லயே இல்ல” என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

எண்பத்து மூன்று ஆடியில் ஸ்குருக்கள் மலையேறின. இரண்டு வாரம் கழித்துச் சந்திரகலா ஓடிவந்தார். நான் அப்போது பட்டறையில் இருந்தேன். உட்காரக்கூட இல்லை அந்தப் பெண். ஒரு காகிதத்தை எடுத்து ஏழு புள்ளி வைத்தார். “ஒரே நட்சத்திரம் பாய், ஆனா ஏழு கண்ணாடிக்கும் ஏழா தெரிஞ்சிது. ஒண்ணொண்ணா நகத்தினோம்.” பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்தார். பேனா முனை அழுந்திக் காகிதம் ஓட்டையாகிவிட்டது. பாய் அந்தக் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, அந்த ஓட்டை வழியாகப் பார்த்தார். இன்றைக்கும் அது அவருடைய மரப்பெட்டியில் இருக்கிறது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது.

நானும் எந்திரம் வைத்துப் பிழைக்கிறவன். என் அச்சு எந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலை படைத்து, விழுந்து கும்பிடுகிறவன். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பாயின் பட்டறையிலும் ஆயுத பூஜை உண்டு. பலராமன்தான் செய்வார். பாய் பக்கத்தில் நின்று, “மோட்டார் மூடி மேல வெய்யி, கைப்பிடி மேல வெய்யி, மரை கிட்ட மட்டும் போவாத” என்று இடம் சொல்லிக்கொடுப்பார். பொரியில் முதல் பிடி அவருக்கு.

மலைமேல் அப்படி இடம் சொல்ல ஆள் இல்லை. அங்கே சாமான்களைச் சோதித்து ஏற்கும் அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவருக்கு ராமதாஸ் என்று பெயர் வைக்கிறேன். பக்திமான். ஒன்றை விட்டு ஒன்றுக்கு வைத்தால் தெய்வக் குற்றம் என்று, தட்டை ஏந்திக்கொண்டு ஏணியில் ஏறி, கண்ணாடிகளுக்குப் பின்னால் புகுந்து, இருபத்தொரு ஸ்குருவுக்கும் தம் கையாலேயே பொட்டு வைத்திருக்கிறார். சில இடங்களில் தூசி மறைப்பைத் திறந்து உள்ளேயும் வைத்திருக்கிறார். சந்திரகலா சொன்னபோதும் கேட்கவில்லை. “நல்ல நாள் அதுவுமா வாய வெக்காதீங்கம்மா” என்றாராம்.

பத்து நாள் கழித்து வடக்கேயிருந்து நிபுணர் குழு வந்தது. கண்ணாடிகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். மூன்று ஸ்குருக்கள் திக்கின. ஒன்று அசையவே இல்லை. நட்சத்திரம் ஒன்றாகச் சேராமல் நான்காகச் சிதறி நின்றது. குழுவின் தலைவர் கேட்டார், இதைச் செய்தது யார்? பதில் சொல்ல வேண்டியவர் ராமதாஸ்.

அவர் எழுதிய குறிப்பின் நகல் என்னிடம் இருக்கிறது. ‘உள்ளூர்ப் பட்டறையின் வேலைப்பாடு தரமற்றது. மரைகள் இறுகுகின்றன. இந்த நபருக்கு இனி எந்த வேலையும் தரலாகாது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் பரிந்துரைக்கிறேன்.’ ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைத்தான் சொன்னாள். இந்த மனிதர் ஓர் ஆளின் கையைச் சொல்லிவிட்டார்.

ஸ்குருக்கள் அரிசிச் சாக்கில் போட்டுத் திருப்பி அனுப்பப்பட்டன. பிள்ளையைப் போலப் பஞ்சில் சுற்றி மலையேற்றியதை, சாக்கில் கட்டி ஜீப்பின் பின்னால் போட்டு! கூடவே வந்த சந்திரகலா ஜீப்பை விட்டு இறங்கும்போதே அழுதுகொண்டிருந்தார். பாய் சாக்கை அவிழ்த்தார். பானைக்குள் கை வைத்தார், முப்பது எண்ணினார், துடைத்தார். அசையாத அந்த ஒன்றை எடுத்து, நட்டிலிருந்து மெதுவாகக் கழற்றி, மல் துணியை மரைக்குள் ஓட்டி எடுத்தார். துணி சிவந்திருந்தது. விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

“குங்குமம்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் குதித்தேன். அந்தத் துணியை என்னிடம் கொடுங்கள், இப்போதே மலைக்குப் போய் அந்தக் குழுவின் முகத்தில் விரித்துக் காட்டுகிறேன் என்றேன். சந்திரகலா, “நான் எழுதிக் கையெழுத்து போடறேன் பாய், வேலை போனா போவட்டும்” என்றார். பாய் துணியைக் கொடுக்கவில்லை.

“நீங்க போயி சொல்வீங்க சார். சாயங்காலம் ஊர்ல இன்னா பேசுவாங்க? சாமி குங்குமத்தால கெட்டுப்போச்சுன்னு பாய் சொல்றான்னு பேசுவாங்க. ஸ்குருவ பத்தி ஒருத்தனும் பேச மாட்டான். எம் பேரு கெட்டது ஒரு காயிதத்துல. அத வாயால சரிபண்ணப் போனா ஊரு கெட்டுப்பூடும்.”

“அதுக்காகப் பழியச் சுமக்கறதா?” என்றேன்.

“சுமக்கறேன்னு எவன் சொன்னான்?” இப்போதுதான் குரல் ஏறியது. “எழுதினவனுக்குத் தெரியும் அது பொய்யின்னு. அவனே அந்த வரிய அடிக்கணும். அவன் கையால அடிக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

சொல்லிவிட்டு அந்தத் துணியை மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டு அலசிவிட்டார். என் கண்ணெதிரே சாட்சி கரைந்தது. பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து வந்து நின்ற அவர் மனைவி அஜ்மத் பேகம் தலையில் அடித்துக்கொண்டார். “பதினேழு மாசம் ராவு பகலா தேய்ச்ச கை சார் இது. ஒரு கல்யாணத்துக்கு வரல, ஒரு காரியத்துக்கு வரல. இந்தக் கைய தரமில்லன்னு எழுதிட்டான். இவரு இன்னான்னா துணி தொவைக்கறாரு!” எனக்கும் அதே கோபம்தான். அவர் வாய்விட்டுச் சொன்னார், நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஸ்குருக்களைப் பிரித்துச் சுத்தம் செய்து பாயே பூட்டிக் கொடுத்தார். சந்திரகலா அவற்றை மலைக்குக் கொண்டுபோய்ப் பொருத்தினார். ஏழு புள்ளியும் மறுபடி ஒன்றாயிற்று. குறிப்பை மாற்றினார்களா? மாற்றவில்லை. வெளிநாட்டு ஸ்குரு வரும் வரை ‘தற்காலிகமாக’ இவை இருக்கட்டும் என்றார்கள். வெளிநாட்டு ஸ்குரு இன்றுவரை வரவில்லை. மூன்று வருஷமாக அந்தத் தொலைநோக்கி தரமற்ற ஸ்குருக்களின் மேல் நின்றுகொண்டு வானத்தைப் பார்க்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

அந்த ஒரு வரியின் கை நீளம். அரசாங்கப் பட்டறைகள் ஒவ்வொன்றாக இவருக்கு வேலை தருவதை நிறுத்தின. பஸ் டெப்போவில் பதினைந்து வருஷமாகக் கொடுத்துவந்த தண்டு வேலை நின்றது. “இன்னா பாய், உங்க மேல ஏதோ ரிமார்க் இருக்குதாமே?” என்று டெப்போக்காரர் கேட்டபோது, பாய் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். வரியைத் திருத்தச் சொல்லி மூன்று கடிதம் எழுதினோம். பாய் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். குங்குமம் என்ற வார்த்தை வரவே கூடாது என்று காவல் காத்தார். ‘அன்னியப் பொருள்’ என்று எழுதினோம். மூன்றுக்கும் பதில் இல்லை.

போன வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டறை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் ராமதாஸ்.

கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார். அம்மன் சன்னதிக் குங்குமம் நெற்றியில் புதிதாக இருந்தது. விரல் நுனிகளிலும் இருந்தது. பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். நான் என் அச்சு எந்திரத்தின் ரோலர் தண்டைத் திருத்திக்கொள்ள வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என்னை அவருக்குத் தெரியாது.

“பாய், சௌக்கியமா?”

“இருக்கேன் சார்.”

“ஒரு சின்ன பேஜாரு. ஏணி சாஞ்சி ஒரு ஸ்குரு வளைஞ்சிபோச்சி. இருபதாம் தேதி மறுபடி கமிட்டி வருது. உங்ககிட்ட ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்குதுன்னு அந்தம்மா சொன்னாங்க.”

பாய் கையிலிருந்த தண்டை மேஜைமேல் வைத்தார்.

“ஃபைல்ல எதுவும் காட்ட முடியாது, பாருங்க. உங்க பேருல ரிமார்க் இருக்குது. அதனால பேப்பர் எதுவும் வேணாம். நமக்குள்ளயே முடிச்சிக்கலாம்.”

பலராமன் லேத்தை நிறுத்தினார். பட்டறை முழுக்கச் சத்தம் நின்றுபோயிற்று. எழுந்திருக்கப் போன என்னைப் பாய் ஒரு பார்வையால் உட்கார வைத்தார்.

“அந்த ரிமார்க்க இன்னா பண்ணப் போறீங்க சார்?”

“அது பழைய விஷயம் பாய். இப்ப எதுக்கு அத கெளறிக்கினு?”

பாய் மரப்பெட்டியைத் திறந்தார். சந்திரகலா புள்ளி வைத்த காகிதத்தை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்தார். துணியோடு மேஜைமேல் வைத்துப் பிரித்தார். இருபத்திரண்டாவது ஸ்குரு. மூன்று வருஷம் கழித்தும் அதன்மேல் ஒரு புள்ளி துரு இல்லை. ஜன்னல் வெளிச்சம் மரைகளில் ஓடி நின்றது.

ராமதாஸின் முகம் மலர்ந்தது. “அடடா!” என்று அதை எடுக்கக் கை நீட்டினார்.

அந்தக் கைக்கும் ஸ்குருவுக்கும் நடுவில் பாய் மண்பானையை நகர்த்தி வைத்தார்.

ராமதாஸ் பானையைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். தம் விரல்களைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது கழுத்தில் ஏறிய சிவப்பில் தெரிந்தது. வாசலில் ஜீப் டிரைவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பாய் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். சற்று நேரம் கழித்து ராமதாஸ் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டார்.

“ஒண்ணு” என்றார் பாய். “ரெண்டு. மூணு.”

தண்ணீரில் சிவப்பு மெல்ல இறங்கிப் பரவியது. இருபது எண்ணும்போது பானைத் தண்ணீர் முழுக்க நிறம் மாறியிருந்தது. ராமதாஸ் தலை நிமிரவில்லை. முப்பது வந்ததும், அந்த வரியை அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே, கைகளை வெளியே எடுக்கப் போனார்.

“முப்பத்தொண்ணு” என்றார் பாய். “முப்பத்திரெண்டு.”